மனச்சோர்வு விலகிய பிறகு வரும் ஓராண்டு

பள்ளி, கல்லூரி வயதில் மனச்சோர்வு வந்து, சிகிச்சை எடுத்துத் தெளிந்து வருகிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் எழுதுகிறோம். குறிப்பாக நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் இருப்பவர்களை மனதில் வைத்து. நோய் எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆனால் பஸ் ஓடாத மழை நாள், சாயங்காலம் ஐந்து மணிக்கே இறங்கிவிடும் மூடுபனி, எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஹட்டியும் (படகர் கிராமம்) எஸ்டேட் லைனும் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு), நல்ல டாக்டரைப் பார்க்க மலை இறங்க வேண்டியிருக்கும் தூரம் என்று இங்கே கணக்கில் எடுக்க வேண்டியவை நிறைய.

மனச்சோர்வு சிகிச்சை அதிகம் தவறிப்போவது அதன் கடைசிக் கட்டத்தில். பிள்ளை மறுபடி சாப்பிடுகிறது, சிரிக்கிறது, காலேஜுக்குக் கிளம்புகிறது. வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்த மாதிரி இருக்கிறது. மாத்திரை நின்றுபோகிறது. அடுத்த முறை டாக்டரைப் பார்க்க வேண்டிய தேதி வந்து போனதே யாருக்கும் நினைவில்லை. அந்த நிம்மதிக்குப் பிறகு வரும் ஓராண்டும் சிகிச்சைக் காலம்தான். இந்தக் கட்டுரை முழுக்கவும் அதைப் பற்றியதே.

குறைந்ததா, விலகியதா?

அறிகுறிகள் பாதிக்குப் பாதி குறைந்தால் சிகிச்சை வேலை செய்கிறது என்று பொருள். நோய் போய்விட்டது என்று பொருளில்லை. அறிகுறிகள் கிட்டத்தட்ட இல்லை என்ற நிலைக்கு வருவது அடுத்த கட்டம். அந்த நிலை நான்கு முதல் ஆறு மாதம் வரை விடாமல் நீடித்த பிறகுதான் 'மீண்டுவிட்டார்' என்று மனநல மருத்துவர்கள் சொல்லத் துணிவார்கள். இடையில் நோய் மறுபடி தலைதூக்கினால் பழைய நோயே திரும்புகிறது என்றும், மீண்டு வெகு காலத்துக்குப் பிறகு வந்தால் புதிதாக வந்திருக்கிறது என்றும் கொள்வார்கள். மண்சரிவை அள்ளிவிட்டுப் போக்குவரத்தைத் திறந்த மலைப்பாதை மாதிரிதான் முதல் சில மாதங்கள். வண்டி போகும், ஆனால் அடுத்த மழை வரும்வரை அந்தச் சரிவின் மேல் ஒரு கண் இருக்க வேண்டும்.

முதல் முறை மனச்சோர்வு வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வாழ்நாளில் இன்னொரு முறை வருகிறது. இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. மீதிப் பாதிப் பேருக்கு வருவதில்லை என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. மறுபடி வந்தாலும் முதல் வாரத்திலேயே கண்டுகொண்டவருக்கும் மூன்றாம் மாதம் கண்டுகொண்டவருக்கும் படும் பாட்டில் பெரிய வித்தியாசம் உண்டு.

எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதைத் தோராயமாக அளக்க, பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் உதவும். தமிழிலும் கிடைக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொரு தொந்தரவும் எத்தனை நாள் இருந்தது என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. ஐந்துக்குக் கீழே இருந்தால் நல்லது. 5 முதல் 9 வரை லேசானது, 10 முதல் 14 வரை நடுத்தரம், 15 முதல் 19 வரை ஓரளவு தீவிரம், 20ம் அதற்கு மேலும் தீவிரம். பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இதையே சற்று மாற்றி அமைத்த படிவம் இருக்கிறது. மாதம் ஒரு முறை, ஒரே தேதியில் நிரப்பினால் போதும். தினமும் நிரப்பினால் அதுவே கவலையாகிவிடும். ஒன்பதாவது கேள்வி சாக நினைப்பதைப் பற்றியது. அதில் பூஜ்யத்தைத் தவிர எது வந்தாலும், மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி, டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

மிச்சம் இருப்பவற்றை விட்டுவிடாதீர்கள்

ஒருவர் படிவத்தை நிரப்புகிறார். சோகம் 0, ஆர்வமின்மை 0, குற்ற உணர்வு 0. தூக்கம் 2, உடல் அசதி 2, கவனம் 2. மொத்தம் 6. வீட்டில் கேட்டால் "நல்லாத்தானே இருக்கான்" என்பார்கள். அழுகை இல்லை, அறைக்குள் அடைந்து கிடப்பதில்லை; பார்வைக்கு எல்லாம் சரி. ஆனால் நோய் திரும்பும் வாய்ப்பை அதிகமாக்குவது இந்த மிச்சம்தான். தூக்கம், அசதி, கவனச் சிதறல் மூன்றும் மனம் தெளிந்த பிறகும் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருப்பவை. சோம்பேறித்தனம் என்றோ, 'மாத்திரையால் மந்தமாயிட்டான்' என்றோ இவற்றைத் தள்ளிவிடுகிறோம்.

இவற்றுக்கு வேறு காரணம் இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், வைட்டமின் பி12 குறைந்தாலும் இதே அசதியும் மந்தமும் வரும். தைராய்டுக்கான டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின் உள்ளிட்ட ரத்தப் பரிசோதனை, பி12 ஆகிய மூன்றையும் ஒரு முறை பார்த்துவிட்டால் அந்தச் சந்தேகம் தீரும். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமுள்ள பெண்களுக்கு ஹீமோகுளோபின் சோதனை மிக அவசியம்.

காரணம் எதுவுமில்லை, மிச்சம் மட்டும் இருக்கிறது என்றால் டாக்டரிடம், "பரவாயில்லை, ஆனா இந்த மூணு மட்டும் இன்னும் போகல" என்று அப்படியே சொல்லுங்கள். "எப்படி இருக்கீங்க?" என்ற கேள்விக்கு "நல்லா இருக்கேன் சார்" என்று பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டு வெளியே வருவதால் தான் பலருக்குச் சிகிச்சை பாதியில் நிற்கிறது. மருந்தின் அளவை மாற்றலாம், உளவியல் ஆலோசனைச் சிகிச்சையைச் சேர்க்கலாம், வழி இருக்கிறது.

மாத்திரை: எவ்வளவு காலம், எப்படி நிறுத்துவது

இளையோருக்குப் பெரும்பாலும் ஃப்ளூவாக்செடின், எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்றவற்றில் ஒன்றைத் தருவார்கள். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். மனம் தெளிந்த நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம், பலருக்கு ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை அதே அளவில் தொடர வேண்டும். ஏற்கெனவே இரண்டு, மூன்று முறை வந்தவருக்கு இரண்டு ஆண்டு வரை போகலாம். மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து கணக்கு வைப்பது தவறு. தெளிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும்.

இந்த மாத்திரைகள் போதைப் பழக்கமாக மாறுவதில்லை. ஆனால் திடீரென நிறுத்தினால் உடம்பு எதிர்ப்புக் காட்டும். தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் ஷாக் அடித்த மாதிரி ஓர் உதறல், எரிச்சல், பளிச்சென்ற விசித்திரக் கனவுகள். சில நாட்களில் தொடங்கி ஓரிரு வாரத்தில் அடங்கும். சிலருக்கு இன்னும் நீளும். இதைப் பார்த்து 'நோய் திரும்பிவிட்டது' என்று பயப்படுகிறவர்களும் உண்டு, 'பார்த்தாயா, மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேன்' என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டுமே இல்லை. டாக்டர் சொல்லும்படி வாரக்கணக்கில், தேவைப்பட்டால் மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இருக்காது, இருந்தாலும் லேசாக இருக்கும்.

எப்போது குறைக்கத் தொடங்குவது என்பதிலும் எங்களுக்கு ஓர் அழுத்தமான கருத்து உண்டு. பரீட்சைக்கு முன் வேண்டாம். விடுதிக்குப் புதிதாகப் போகும் மாதத்தில் வேண்டாம். ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும்போதும், கொடைக்கானலில் அக்டோபர், நவம்பர் மழையிலும் வேண்டாம். வெளியே நடமாட முடிகிற, பெரிய மாற்றம் எதுவும் இல்லாத இரண்டு மூன்று மாதத்தைப் பார்த்து டாக்டரிடம் கேளுங்கள்.

ஒரு நாள் மாத்திரை விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. மலையில் சளி, இருமல் சாதாரணம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் இருமல் சிரப் பலவற்றில் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் இருக்கும். அது இந்த மாத்திரைகளோடு சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் என்று ஆபத்தான நிலைக்குக் கொண்டுபோகக் கூடும். டிராமடால் என்ற வலி மாத்திரையும் அப்படியே. ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் வயிற்றில் ரத்தக் கசிவு வாய்ப்பைக் கூட்டும். எதற்காகக் கடைக்குப் போனாலும் "நான் இந்த மாத்திரை சாப்பிடுறேன்" என்று பெயரைச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

இருபத்தைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களில் சிலருக்கு, மாத்திரை தொடங்கும்போதோ அளவு மாறும்போதோ முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணமும் படபடப்பும் கூடலாம். மாத்திரையே வேண்டாம் என்பதற்கு இது காரணமில்லை. அந்த வாரங்களில் வீட்டில் ஒருவர் தினமும் பேச வேண்டும், டாக்டரை ஒன்றிரண்டு வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். எடை கூடுவது, எதிலும் ஒட்டாத மரத்த உணர்வு, தாம்பத்தியத்தில் நாட்டம் குறைவது போன்றவற்றைச் சொல்லக் கூச்சப்பட்டு மாத்திரையையே விட்டுவிடுகிறார்கள். டாக்டர் இவற்றைத் தினமும் கேட்பவர்தான். மருந்தை மாற்றித் தர முடியும்.

ஒரு பக்கத் தாள்

இந்த ஓராண்டில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மனச்சோர்வு ஒவ்வொருவரிடமும் அவரவருக்கென்று ஒரு வரிசையில் வருகிறது. போன முறை எந்த ஒழுங்கில் வந்ததோ, அடுத்த முறையும் பெரும்பாலும் அதே ஒழுங்கில்தான் வரும். அந்த வரிசையை எழுதி வைத்திருப்பவருக்கு முதல் படியிலேயே பிடிபடும்.

எழுதும் முறை: போன முறை மிக மோசமாக இருந்த வாரத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு இரண்டு வாரம் முன் என்ன மாறியிருந்தது? ஒரு மாதம் முன்? அதற்கும் முன்? இப்படிப் பின்னோக்கிப் போக வேண்டும். உங்களுக்கு நினைவில்லாததை வீட்டில் ஒருவரிடம், ஒரு நண்பரிடம் கேளுங்கள். முதல் மாற்றத்தை நம்மைவிட அவர்கள்தான் முதலில் கவனித்திருப்பார்கள். 'மனசு சரியில்லை', 'டல்லாக இருந்தேன்' என்று எழுதினால் பயனில்லை. வெளியிலிருந்து ஒருவர் பார்த்தால் தெரிகிற மாதிரி எழுத வேண்டும்.

கோத்தகிரிப் பக்கம் இருபது வயதுப் பெண் ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். தாள் இப்படி இருக்கலாம்: வாட்ஸ்ஆப்பில் தோழிகளுக்கு வார்த்தையில் பதில் போடுவது நின்று, கட்டைவிரல் படம் மட்டும் போகும். ஞாயிற்றுக்கிழமை தலைக்கு ஊற்றுவது தள்ளிப்போகும். ஏழே முக்கால் பஸ்ஸை வாரத்தில் இரண்டு நாள் விடுவாள். டிபன் பாக்ஸ் பாதியோடு திரும்பி வரும். விடியற்காலை மூன்றரை மணிக்கு விழிப்பு வந்து, பிறகு தூக்கம் வராது. கடைசியாக, "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்ற நினைப்பு.

இந்த ஆறையும் மூன்றாகப் பிரிக்கலாம். முதல் இரண்டும் யாருக்கும் ஒரு மோசமான வாரத்தில் வருபவை. வந்தால் குறித்துக்கொண்டு, தூக்கத்தையும் நடையையும் ஒழுங்காக்கினால் போதும். மூன்றாவதும் நான்காவதும் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் அம்மாவிடம் சொல்ல வேண்டும், டாக்டரிடமோ ஆலோசகரிடமோ தேதி வாங்க வேண்டும், அந்த வாரம் கூடுதல் வேலை எதையும் ஏற்கக் கூடாது. ஐந்தாவது வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆறாவது வந்தால் அன்றே. யாருக்குப் போன் செய்வது, எண் என்ன, மாத்திரையின் பெயரும் அளவும் என்ன, போன முறை எந்த மருந்து ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதெல்லாம் தாளின் பின்பக்கத்தில். ஒரு போட்டோ எடுத்து நம்பிக்கையான ஒருவரின் போனில் போட்டு வைக்கவும். நாம் சோர்ந்திருக்கும்போது நம்முடைய தாளை நாமே நம்ப மாட்டோம். அப்போது இன்னொருவர் கையில் அது இருக்க வேண்டும்.

சாதாரண வருத்தத்தை எப்படிப் பிரித்தறிவது? மதிப்பெண் குறைந்ததற்கும் காதல் முறிந்ததற்கும் பாட்டி போனதற்கும் வரும் வருத்தம் அலையலையாக வரும். நடுவே ஒரு நல்ல செய்தி வந்தால் சற்றுத் தணியும். மனச்சோர்வில் நல்ல செய்தியும் எட்டாது. நாளின் பெரும்பகுதியும், கிட்டத்தட்ட எல்லா நாளும், இரண்டு வாரம் அது நீடிக்கும். கூடவே 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணமும் ஒட்டிக்கொள்ளும். பதின்வயதில் சோகத்துக்குப் பதிலாக எரிச்சலும் கோபமுமே முன்னால் நிற்கும். பையன் கதவை அறைந்து சாத்துகிறான் என்றால் திமிர் என்று முடிவுகட்டுவதற்கு முன், தூக்கமும் சாப்பாடும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள்.

குளிர், வெளிச்சம், தேநீர்

தூக்கத்தைச் சரிசெய்ய, படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தைப் பிடித்துக்கொள்வதே எளிது. ஞாயிறு உட்பட ஒரே நேரம், உதாரணமாக ஆறரை. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் காலையில் கம்பளியை விட்டு வெளியே வருவது லேசல்ல. ஸ்வெட்டரும் சாக்ஸும் குல்லாவும் கைக்கெட்டும் தூரத்தில், போன் சார்ஜர் சமையலறையில். அலாரத்தை நிறுத்த எழுந்து போய்த்தான் ஆக வேண்டும். போன இடத்தில் அடுப்பின் கதகதப்பும் கிடைக்கும்.

எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் இருபது முப்பது நிமிடம் வெளிச்சத்தில் இருங்கள். மூடுபனி கவிந்த நாளிலும் வெளியே சில ஆயிரம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். டியூப்லைட் போட்ட அறைக்குள் இருப்பது இருநூறு, முந்நூறு லக்ஸ்தான். உடம்பின் கடிகாரத்தைத் திருத்துவது அந்த வெளி வெளிச்சம். மழையென்றால் திண்ணையிலோ ஜன்னலை ஒட்டியோ உட்காரலாம். வெளியே நிற்பதற்கு அது ஈடாகாது, ஆனால் உள்ளறையைவிட எவ்வளவோ மேல்.

பதினெட்டு வயதானவர்களுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் நடை போன்ற மிதமான உழைப்பு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நம் ஊர் ஏற்றத்தில் நடந்தால் அதுவே போதுமான உழைப்பு. ஆனால் சமவெளியில் சொல்வதுபோல விடியற்காலை ஐந்து மணிக்கு நடக்கச் சொல்ல மாட்டோம். குன்னூர், கோத்தகிரி தேயிலைத் தோட்டங்களில் கரடியும் காட்டெருமையும், கூடலூர் பக்கம் யானையும் நடமாடும் நேரம் அது. வெயில் ஏறிய பிறகு, எட்டு மணிவாக்கில், அல்லது மாலை நான்கு மணிக்கு, கூட ஒருவரோடு.

தேநீர் விஷயத்திலும் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். குளிருக்கு ஐந்தாறு டம்ளர் உள்ளே போவது இங்கே சாதாரணம். குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம் போலாகும். மாலை ஆறு மணி டீயின் பாதி இரவு பதினோரு மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். மூன்று மணிக்கு மேல் சுக்குத் தண்ணீரோ வெந்நீரோ குடித்துப் பழகுங்கள். படுத்து இருபது நிமிடம் போலத் தூக்கம் வரவில்லை என்றால் புரண்டுகொண்டே கிடக்காமல் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் எதையாவது மடித்து வையுங்கள், பழைய பத்திரிகை எதையாவது படியுங்கள். தூக்கம் வந்ததும் திரும்பிப் போங்கள். போனை மட்டும் எடுக்க வேண்டாம்.

படிப்பையும் வேலையையும் மறுபடி எடுப்பது

'மனசு வரட்டும், அப்புறம் செய்கிறேன்' என்று காத்திருந்தால் மனச்சோர்வில் அந்த மனசு வரவே வராது. இதில் செயல் முன்னே போக வேண்டும். விருப்பம் பின்னால் வரும். நடத்தைச் செயலூக்கம் என்ற சிகிச்சை முறையே இந்த ஒரு விதியின் மேல் நிற்கிறது. ஒரு நாளைக்கு மூன்று சிறு வேலைகள்: முடித்தோம் என்ற திருப்தி தருவது ஒன்று, சுகம் தருவது ஒன்று, இன்னொரு மனிதரோடு சேர்ந்து செய்வது ஒன்று. செய்வதற்கு முன்பும் பின்பும் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுதுங்கள். இரண்டிலிருந்து மூன்றுக்கு வந்தாலே அந்த வேலை உங்களுக்கு ஒத்துவருகிறது.

வேலை எவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும் என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். 'கேரட் தோட்டத்தில் அப்பாவுக்கு உதவுவது' பெரிது. 'ஒரு பாத்தியில் களை எடுப்பது' சரி. 'அரியர் பேப்பருக்குப் படிப்பது' பெரிது. 'முதல் யூனிட்டில் இரண்டு பக்கம், இருபத்தைந்து நிமிடம்' சரி. ஒரு நல்ல நாள் வந்ததும் விட்டதையெல்லாம் பிடிக்க வேண்டும் என்று பத்து மணி நேரம் உட்கார்ந்தால், அடுத்த இரண்டு நாள் எழ முடியாமல் போய், 'என்னால் முடியாது' என்ற பழைய முடிவுக்கே வந்து சேருவோம். இன்னும் கொஞ்சம் முடியும் என்று தோன்றும்போதே எழுந்துவிட வேண்டும். நல்ல நாளுக்கும் மோசமான நாளுக்கும் ஒரே அளவு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கால் பங்கு கூட்டலாம்.

ஒரே யோசனையில் சுற்றிச் சுற்றி வருவது இன்னொரு தொல்லை. 'ஏன் எனக்கு மட்டும்?', 'அன்று அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால்?' பத்து நிமிடம் யோசித்தும் ஒரு முடிவும் எட்டவில்லை, மனம் முன்னைவிடக் கனத்திருக்கிறது என்றால் அது யோசனையே இல்லை. உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்து கைக்கு வேலை கொடுங்கள். 'ஏன்' என்ற கேள்வியை 'அடுத்து என்ன' என்று மாற்றிக் கேளுங்கள். இந்தச் சுழல் அடிக்கடி வருகிறவர்களுக்கு எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும், நிகழும் கணத்தில் கவனத்தை நிறுத்தப் பழக்கும் எட்டு வார மனமுழுமை (மைண்ட்ஃபுல்னஸ்) அடிப்படையிலான சிகிச்சையும் பலன் தரும். பின்னது நோய் திரும்புவதைத் தடுப்பதற்கென்றே உருவானது.

வீட்டில் எப்படிப் பேசுவது

அக்கறையாகத்தான் கேட்கிறோம், ஆனால் பிள்ளைக்கு அது விசாரணையாகப் படும். "ஏண்டி, மாத்திர போட்டியா இல்லியா? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? மறுபடி ஆரம்பிச்சிடுச்சா?" என்றால் மகள் அடுத்த முறை மறைக்கத்தான் செய்வாள். தாளை வைத்துப் பேசினால் வேறு மாதிரி போகும்.

"கண்ணு, ரெண்டு நாளா டிபன் பாக்ஸ் பாதியோட வருது. நீ எழுதி வெச்சிருக்கியே, அதுல நாலாவதா இது?"

"இல்லம்மா, காலேஜ்ல லேப் லேட்டாச்சு. ஆனா பஸ்ஸும் ரெண்டு நாள் விட்டுட்டேன்."

"சரி. டாக்டருக்கு நாளைக்கே போன் போடட்டுமா, வியாழக்கிழமை வரைக்கும் பாக்கலாமா?"

"வியாழன் வரைக்கும் பாக்கலாம்மா. நானே சொல்றேன்."

இதில் அம்மா கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறார், காரணம் கற்பிக்கவில்லை. முடிவை மகளுக்கு விட்டாலும் தேதியைப் பிடித்துக்கொண்டார்.

அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் சில குடும்பங்கள் உள்ளூரில் காட்டாமல் ரகசியமாகக் கோயம்புத்தூருக்கோ மதுரைக்கோ போகின்றன. பயம் புரிகிறது. ஆனால் போக வர ஒரு நாள் முழுக்க ஆகிற தூரத்தில் உள்ள மருத்துவரிடம் போவது மூன்றாவது மாதமே நின்றுபோகும். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இயங்குகிறது, மருந்தும் இலவசம். தாலுகா மருத்துவமனைக்கு மனநலக் குழு எந்தக் கிழமை வருகிறது என்று ஒரு முறை விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் தொடர்ந்து பார்க்க முடிகிற சாதாரண ஏற்பாடு, தூரத்தில் உள்ள பெரிய பெயரைவிடப் பயன்படும். நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைத்திருப்பது 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி மருத்துவரின் கடமை. கோயிலுக்கோ சர்ச்சுக்கோ பள்ளிவாசலுக்கோ போய் வேண்டிக்கொள்வதில் ஆறுதல் கிடைத்தால் போய்வாருங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடம் மட்டும் போக வேண்டாம்.

ஏப்ரல், மே சீசனில் மலைப்பாதை நெரிசலில் பஸ் மணிக்கணக்கில் நிற்கும். பெருமழையில் பாதையே மூடும். பத்து நாள் மாத்திரை எப்போதும் கூடுதலாகக் கையில் இருக்கட்டும். அது வீட்டில் ஒருவரின் பொறுப்பில் இருப்பது நல்லது. தெரிந்த டாக்டரானால் தொடர் ஆலோசனையை வீடியோவில் பார்க்கவும் கேட்கலாம்.

மலை இறங்கிப் படிக்கப் போகும்போது

விடுதியின் முதல் ஆறு வாரம் சறுக்கலுக்கு வாய்ப்பான காலம். தூக்க நேரம் மாறும், சாப்பாடு மாறும், மாத்திரை போடுவதை அறைத்தோழன் பார்த்துவிடுவானோ என்ற கூச்சம் வரும். கிளம்பும் முன்பே அந்த ஊரில் எந்த மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போவது என்று முடிவு செய்யுங்கள். மருந்துச் சீட்டின் நகல், ஒரு மாத மாத்திரை, பழைய டாக்டரின் ஒரு பக்கக் குறிப்பு மூன்றும் பெட்டியில் இருக்க வேண்டும். ஒரே ஒருவரிடமாவது, நண்பரோ வார்டனோ, முழுக் கதையும் வேண்டாம், "எனக்குத் தூக்கம் கெட்டா உடம்பு சரியில்லாம போயிடும், ரெண்டு நாள் நான் ரூமை விட்டு வரலேன்னா வந்து தட்டு" என்ற அளவுக்குச் சொல்லி வையுங்கள்.

குடி, கஞ்சா, கொடைக்கானல் பக்கம் விற்கப்படும் போதைக் காளான் மூன்றையும் இந்த ஆண்டில் அறவே விடுங்கள். மது அன்றிரவு இதமாகத் தோன்றினாலும் பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுத்து மறுநாள் மனநிலையை இறக்கும். கஞ்சா இளவயதில் மனப்பிறழ்வு நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. காளானில் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது.

உயிருக்கு ஆபத்து என்று தோன்றும் நாள்

"சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. பேச ஒரு வழி திறக்கும். பதில் ஆம் என்றால் தனியே விடாதீர்கள். வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தும் மீதி மாத்திரைகளும் பூட்டுக்குள் போக வேண்டும், சாவி வேறொருவரிடம். காய்கறித் தோட்டமுள்ள வீடுகளில் இதைச் சாதாரண நாளிலேயே செய்து வைக்க வேண்டும். அந்த எண்ணத்தின் உச்சம் பெரும்பாலும் வெகுநேரம் நீடிப்பதில்லை. அந்த நேரத்தில் இவை கைக்கெட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கிறது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். 104 தமிழக அரசின் மருத்துவ உதவி எண். பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்கள் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 108. முயற்சி செய்து பிழைத்தவரைப் போலீஸ் பிடிக்குமோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்காதீர்கள். அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று அதே 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது.

ஓராண்டுக்குப் பிறகு

மாதப் படிவம் மூன்று மாதத்துக்கு ஒன்றாகலாம். தாளை ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன்பும் பரீட்சைக்கு முன்பும் எடுத்துப் பார்த்தால் போதும்.

இளவயது மனச்சோர்வு சிலருக்கு, சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருதுருவ நோயின் முதல் முகமாக இருக்கிறது. ஆகவே தாளில் சோர்வுக்கு நேர் எதிரான நிலையையும் ஒரு வரி எழுதி வையுங்கள்: மூன்று நான்கு மணி நேரமே தூங்கியும் களைப்பில்லை, பேச்சு ஓயவில்லை, செலவு கைமீறுகிறது, எதையும் செய்துவிட முடியும் என்ற வேகம். இது நான்கு நாளுக்கு மேல் நீடித்தால் 'அப்பாடா, உற்சாகம் வந்துவிட்டது' என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் போக வேண்டும். மனச்சோர்வு மாத்திரை மட்டும் தனியாகத் தொடர்ந்தால் அந்த வேகம் இன்னும் ஏறக்கூடும்.

பெண்களுக்கு இன்னொன்று. முன்பு மனச்சோர்வு வந்தவருக்குப் பிரசவத்துக்குப் பிறகு அது திரும்பும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்துபோய் மாத்திரையைத் தானாக நிறுத்துவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. சில மாத்திரைகளைத் தொடரலாம், சிலவற்றை மாற்ற வேண்டும். குறிப்பாக, இருதுருவ நோய்க்குத் தரப்படும் வால்ப்ரோயேட் எடுப்பவர்கள் கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் பேசியாக வேண்டும். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போதே கிராம சுகாதார செவிலியரிடம், "எனக்கு முன்னாடி மனச்சோர்வுக்கு வைத்தியம் பாத்திருக்காங்க" என்று சொல்லி அட்டையில் எழுதச் சொல்லுங்கள். குழந்தை பிறந்த பின் முதல் ஆறு வாரம் இரவில் ஒரு முறையாவது தொடர்ந்து நான்கைந்து மணி நேரம் தாய் தூங்கும்படி, பாட்டியோ கணவரோ குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் முறையைப் பிரசவத்துக்கு முன்பே பேசி வைக்க வேண்டும்.